இரண்டாம் முறை நடக்கிறவருக்கு: வடகவுஞ்சியிலிருந்து வேளாங்கண்ணி வரை

முதல் முறை வேளாங்கண்ணிக்கு நடந்தவர் பெரும்பாலும் ஒரு வேண்டுதலைச் சுமந்துகொண்டு நடந்திருப்பார். பிள்ளைக்கு உடம்பு தேற வேண்டும், மகளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும், கடன் அடைய வேண்டும். அந்த வேண்டுதலே ஆளை இழுத்துக்கொண்டு போய் மாதா கோயில் வாசலில் விட்டுவிடும். கொப்புளமும் முழங்கால் வலியும் அன்றைக்குப் பெரிதாகத் தெரியாது.

இரண்டாம் முறை போகிறவர் பெரும்பாலும் நன்றி சொல்லப் போகிறவர். அவசரத்தின் வேகம் அவரிடம் இருக்காது. "பாதைதான் தெரியுமே" என்ற தைரியம் மட்டும் இருக்கும். அந்தத் தைரியத்தை நம்பித் தயாரிப்பைக் கைவிட்டால் திண்டுக்கல் தாண்டுவதற்குள் பஸ்ஸைத் தேட நேரும். முதல் நடையில் வேண்டுதல் செய்த வேலையை இரண்டாம் நடையில் தயாரிப்புதான் செய்ய வேண்டும். இந்த அத்தியாயம் அதற்காக.

வடகவுஞ்சிபோல மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு தைரியமும் உண்டு. "நாங்க ஏறி இறங்காத மேடா?" என்பார்கள். உண்மைதான். காபித் தோட்டத்திலும் மலைவாழைத் தோட்டத்திலும் மூட்டையோடு ஏறி இறங்கிய கால் பலமான கால். ஆனால் அது மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பழகிய கால். மலையில் ஒவ்வொரு அடியும் வேறு மாதிரி விழும். ஏற்றத்தில் ஒரு தசை வேலை செய்யும், இறக்கத்தில் வேறொரு தசை. கீழே தார்ச் சாலையில் ஒரே அளவு அடி, ஒரே தசை, ஒரே இடத்தில் உரசல், காலையிலிருந்து மாலை வரை. அதோடு வெயில். கோடைக்கானலில் ஆகஸ்ட் மாதப் பகலில் வெப்பம் 20 டிகிரியைத் தாண்டுவது அரிது. அதே நாளில் திருச்சியில் 35 டிகிரிக்கு மேல் இருக்கும். மலைக்காரர் கீழே நடப்பதற்குத் தனியாகப் பழகியே ஆக வேண்டும்.

பாதையும் தூரமும்

வடகவுஞ்சியிலிருந்து கீழே இறங்க இரண்டு வழி. பழனிச் சாலையிலேயே இறங்கி ஒட்டன்சத்திரம் வழியாகத் திண்டுக்கல் போகலாம். அல்லது பெருமாள்மலைக்கு வந்து, ஊத்து, பண்ணைக்காடு பிரிவு, காமக்காபட்டி வழியாக வத்தலக்குண்டு இறங்கி, செம்பட்டி வழியாகத் திண்டுக்கல் போகலாம். எந்த வழியில் போனாலும் வேளாங்கண்ணி வரை மொத்தத் தூரம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர்.

இரண்டாவது வழியைத்தான் இந்த நூல் பரிந்துரைக்கிறது. பழனி இறக்கத்தில் காடு அதிகம், இடையில் ஊர் குறைவு. வத்தலக்குண்டு இறக்கத்தில் தண்ணீருக்கும் டீக்கும் ஒதுங்க ஊர்கள் உண்டு. ஒருவருக்கு முடியாமல் போனால் ஏற்றிவிட பஸ்ஸும் அடிக்கடி வரும்.

திண்டுக்கல்லிலிருந்து பாதை நேர். வடமதுரை, அய்யலூர், வையம்பட்டி, மணப்பாறை, திருச்சி, துவாக்குடி, செங்கிப்பட்டி, வல்லம், தஞ்சாவூர், அம்மாப்பேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. கோயம்புத்தூரில் தொடங்கிப் பழனி, திண்டுக்கல் வழியாக நாகப்பட்டினம் போகும் 83ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் இதன் முதுகெலும்பு. தூரத்தை மனதில் நான்கு துண்டாக வைத்துக்கொள்ளுங்கள்:

வடகவுஞ்சி முதல் திண்டுக்கல் வரை: ஏறத்தாழ 100 கி.மீ., 5 நாள்.
திண்டுக்கல் முதல் திருச்சி வரை: ஏறத்தாழ 100 கி.மீ., 5 நாள்.
திருச்சி முதல் தஞ்சாவூர் வரை: 55 கி.மீ.க்குச் சற்று மேல், 2 நாள்.
தஞ்சாவூர் முதல் வேளாங்கண்ணி வரை: 90 கி.மீ.க்குச் சற்று மேல், 4 நாள்.

நடக்கும் நாள் 16. திண்டுக்கல்லில் ஒரு நாள், திருச்சியில் ஒரு நாள் ஓய்வு. மொத்தம் 18 நாள். முதல் நடையில் 12 நாளில் முடித்தவர்களும் இருப்பார்கள். இரண்டாம் நடையில் அந்தக் கணக்கை முறியடிக்க நினைக்க வேண்டாம். சராசரியாக நாளுக்கு 22 கிலோமீட்டர் என்பது நடந்துகொண்டே செபிக்கவும், வழியில் ஒருவரோடு நின்று பேசவும், இரவில் காலைக் கவனிக்கவும் நேரம் விடுகிற அளவு.

நாள் குறிப்பது

வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 மாலை கொடியேற்றத்தோடு தொடங்குகிறது. செப்டம்பர் 7 இரவு பெரிய தேர் பவனி. செப்டம்பர் 8 மாதாவின் பிறப்பு விழா. அன்று மாலை கொடி இறங்கும்.

கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால் மலையிலிருந்து ஆகஸ்ட் 12 வாக்கில் புறப்பட வேண்டும். ஆனால் ஆகஸ்ட் 14, 15 கோடைக்கானல் சலேத் மாதா திருவிழா. 1860களில் இயேசு சபைக் குரு லூயி சென் சீர் எழுப்பிய அந்தச் சிறிய கோயிலின் சப்பரத்தை விட்டுவிட்டுப் போக மலையில் யாருக்கும் மனம் வராது. ஆகவே பெரிய தேருக்குப் போய்ச் சேரும் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். சலேத் மாதா திருவிழா முடிந்து நான்கு நாள் ஓய்வு. ஆகஸ்ட் 20 காலை புறப்பாடு. செப்டம்பர் 6 மாலை வேளாங்கண்ணி. 7ஆம் தேதி வந்து சேருவதாகக் கணக்குப் போடாதீர்கள். அன்று ஊருக்குள் நுழைவதே தனி நடை. வழியில் மழையோ காய்ச்சலோ ஒரு நாளைத் தின்றுவிட்டாலும் அந்த ஒரு நாள் கையிருப்பு காப்பாற்றும்.

முதல் நடையைத் திரும்பப் பாருங்கள்

பயிற்சி தொடங்கும் முன் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, போன முறை நடந்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள். கூட நடந்தவர்களையும் உட்காரவைத்துக் கேளுங்கள். நமக்கு மறந்தது அவர்களுக்கு நினைவிருக்கும். இந்தக் கேள்விகள் போதும்:

முதல் கொப்புளம் எந்தக் காலில், எந்த இடத்தில், எத்தனையாவது நாள் வந்தது?
எந்த ஊர் தாண்டும்போது உடம்பு தளர்ந்தது? அதற்கு முந்தைய நாள் எவ்வளவு தூரம் நடந்தோம், என்ன சாப்பிட்டோம், எத்தனை மணி நேரம் தூங்கினோம்?
பையில் கொண்டுபோனதில் ஒருமுறைகூடத் தொடாத பொருள் எது?
யாரிடமாவது கடன் வாங்கிய பொருள் எது?
கோபம் வந்த நாள் எது?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். சாலையில் கோபம் வருவதற்குப் பெரும்பாலும் பசியோ, தூக்கமின்மையோ, உப்புக் குறைவோ காரணமாக இருக்கும். கோபம் வந்த நாளைத் தோண்டிப் பார்த்தால் உடம்பு எங்கே கைவிட்டது என்று தெரிந்துவிடும். மூன்றாம் நாள் வலது குதிகாலில் கொப்புளம் வந்தவருக்கு இந்த முறையும் அங்கேதான் வரும். செருப்பை மாற்றினாலோ, அந்த இடத்தில் முன்னதாகவே பிளாஸ்திரி ஒட்டினாலோதான் தப்பலாம். மற்றவர்களுக்கான பொது ஆலோசனை எதையும்விட உங்கள் காலே எழுதிய இந்தக் குறிப்பு மேலானது.

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். 18 நாள் நடக்கப் போகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லி, மாத்திரை அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் 22 கிலோமீட்டர் நடக்கும் உடம்புக்கு வீட்டில் இருக்கும்போது சாப்பிடும் அதே அளவு சர்க்கரை மாத்திரை மிகையாகிவிடலாம்.

பன்னிரண்டு வாரப் பயிற்சி

ஆகஸ்ட் 20 புறப்பாடு என்றால் மே கடைசி வாரத்தில் பயிற்சி தொடங்க வேண்டும். அது சீசன் நேரம். மெயின் ரோட்டில் சுற்றுலா வண்டி நெருக்கும். தோட்டச் சாலைகளில் நடங்கள்.

முதல் 4 வாரம்: வாரத்தில் மூன்று நாள் 5 கிலோமீட்டர், ஞாயிறு பூசை முடிந்து 10 கிலோமீட்டர்.
அடுத்த 4 வாரம்: வாரநாளில் மூன்று முறை 8, சனிக்கிழமை 12, ஞாயிறு 15.
அடுத்த 3 வாரம்: வாரநாளில் இரண்டு முறை 8, சனி, ஞாயிறு இரண்டு நாளும் 18 முதல் 20.
கடைசி வாரம்: பாதியாகக் குறைத்து, கடைசி மூன்று நாள் ஓய்வு.

இதில் முக்கியமானது சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து நடப்பது. ஒரே நாளில் 30 கிலோமீட்டர் நடந்துவிட்டு ஒரு வாரம் படுத்திருப்பதில் பயனில்லை. முந்தின நாள் களைத்த காலோடு மறுநாள் காலையில் எழுந்து நடப்பதுதான் யாத்திரை. அதையே பழகிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது கட்டத்தில் இரண்டு வார இறுதியாவது பஸ் ஏறிக் கீழே போங்கள். வத்தலக்குண்டிலிருந்து செம்பட்டிப் பக்கம் போய்த் திரும்புங்கள். எந்தச் செருப்பு, எந்தப் பை, எந்த உடையோடு யாத்திரை போகப் போகிறீர்களோ அதே செருப்பு, அதே பை, அதே உடை. நான்கு மணி நேரம் தார்ச் சாலையில் நடந்தால் எங்கே உரசுகிறது, எங்கே வலிக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். வீட்டுக்கு அருகில் கிடைக்கும் இந்தப் பாடத்தை அய்யலூரில் போய்க் கற்க வேண்டாம்.

வேகத்தை அளக்கச் செபமாலையே போதும். 53 மணி செபத்தைச் சாதாரணமாகச் சொல்லி முடிக்க 20 நிமிடம் ஆகும். அதற்குள் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் நடந்திருப்போம். 22 கிலோமீட்டர் என்றால் கிட்டத்தட்ட 15 செபமாலை. வாய்விட்டுச் சொல்லும்போது மூச்சு வாங்கி, மங்கள வார்த்தை செபம் பாதியில் அறுபட்டால் வேகம் அதிகம், குறையுங்கள். ஒரு செபமாலை முடிந்ததும் நாலைந்து மடக்கு தண்ணீர். மூன்று முடிந்ததும் பத்து நிமிடம் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் காலுக்குக் காற்று காட்டுங்கள். பயிற்சியிலேயே இப்படிப் பழகிவிட்டால் யாத்திரையில் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை.

காலும் காலணியும்

வெயிலில் நடக்க நடக்கக் கால் வீங்கும். மலைக்குளிரில் அளவெடுத்து வாங்கிய ஷூ திண்டுக்கல்லில் இறுக்கும். மாலை நேரத்தில், நடந்து முடித்த காலோடு போய் வாங்குங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். வாங்கி ஆறு வாரமாவது போட்டு நடந்த பிறகுதான் யாத்திரைக்கு எடுக்க வேண்டும். மாற்றுக்குப் பின்வார் உள்ள செருப்பு ஒரு ஜோடி. நகத்தைப் புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு நேராக வெட்டுங்கள். ஓரத்தை ஒட்ட வெட்டினால் சதைக்குள் வளரும்.

தினமும் இரவு தங்கும் இடத்தில், சாப்பாட்டுக்கு முன்னால் காலைப் பாருங்கள். முதலில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும், விரல் இடுக்கில் ஈரம் தங்கக் கூடாது. பிறகு டார்ச் வெளிச்சத்தில் குதிகாலின் விளிம்பு, பெருவிரலின் பக்கவாட்டு, சுண்டுவிரலின் அடி, முன்பாதத்தின் நடு ஆகிய நான்கு இடங்களையும் விரலால் தடவுங்கள். தொட்டால் சுடுகிற, சிவந்த இடம் இருந்தால் அதுதான் நாளைய கொப்புளம். மறுநாள் காலை புறப்படும் முன்பே அந்த இடத்தில் சுருக்கம் விழாமல் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டால் பெரும்பாலும் கொப்புளம் எழும்பாது. நடக்கும்போது அந்தச் சூடு தெரிந்தால் "அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளாதீர்கள். அங்கேயே உட்காருங்கள்.

சிறிய கொப்புளத்தை உடைக்க வேண்டாம். பெரிதாகி நடக்கவிடாமல் செய்தால் மட்டும், கையையும் காலையும் சோப்பால் கழுவி, கொதிநீரில் போட்டெடுத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியுங்கள். மேல்தோலை உரிக்காதீர்கள், அதுதான் புண்ணுக்கு மூடி. மேலே மருந்து தடவிக் கட்டுங்கள். சர்க்கரை நோயாளிகள் இதைத் தாங்களே செய்யக் கூடாது. தொடை இடுக்கு உரசலுக்குப் புறப்படும் முன்பே தேங்காயெண்ணெயோ வாசலினோ தடவிக்கொண்டால் போதும்.

வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்துகொண்டவர்கள் உண்டு. பகல் 10 மணிக்கு மேல் தார் சுடும் சூட்டில் தோல் வெந்துவிடும். அப்படி நேர்ந்தவர்கள் புறப்படும் முன்பே பங்குத்தந்தையிடம் பேசுங்கள். தனிப்பட்ட நேர்ச்சையைத் தகுந்த காரணம் இருந்தால் தளர்த்தவோ மாற்றித் தரவோ பங்குத்தந்தைக்குத் திருச்சபைச் சட்டமே அதிகாரம் தருகிறது. நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி வரையிலான கடைசி 12 கிலோமீட்டரை விடியற்காலையில் வெறுங்காலோடு நடப்பதாக மாற்றிக்கொள்ளலாம். மாதா தன் பிள்ளைகளின் பாதத்தைப் புண்ணாக்கிக் கேட்பவள் அல்ல. சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஓர் அடியும் வெறுங்காலோடு வைக்க வேண்டாம்.

மலை இறங்கும் மூன்று நாள்

முதல் நாள் பெருமாள்மலை, இரண்டாம் நாள் ஊத்து, மூன்றாம் நாள் வத்தலக்குண்டு. பெருமாள்மலையிலிருந்து வத்தலக்குண்டு வரை ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். உற்சாகம் மிகுந்த நாட்கள் இவை. முழங்கால் கெடுவதும் இந்த நாட்களில்தான். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் கனத்தைத் தாங்குகிறது. அந்த வேலையின் வலி அன்றைக்குத் தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்து, செம்பட்டிச் சாலையில் உட்கார்ந்து எழும்போதுதான் பிடிக்கும்.

ஸ்பெயினில் சந்தியாகப்பர் கல்லறைக்கு நடக்கிறவர்களும் இதையே சந்திக்கிறார்கள். பிரான்ஸ் எல்லையிலிருந்து ஏறத்தாழ 780 கிலோமீட்டர் போகும் அந்த யாத்திரையின் முதல் நாளே பிரனீஸ் மலையைக் கடந்து ரோன்செஸ்வாயஸ் ஊருக்குச் செங்குத்தாக இறங்க வேண்டியிருக்கிறது. அங்கே அனுபவப்பட்டவர்கள் முதல்முறை வருகிறவர்களுக்குச் சொல்வதும் கைத்தடியும் குட்டை அடியும்தான்.

நாமும் அதையே செய்வோம். அடியைக் குட்டையாக வையுங்கள். முழங்காலைச் சற்று மடக்கியே இறங்குங்கள். ஒரு கைத்தடி வெட்டிக்கொள்ளுங்கள். ஷூவின் நாடாவைக் கணுக்கால் பக்கம் இறுக்கினால் விரல் முன்னால் இடிபடாது, நகம் கறுக்காது. பயிற்சியின்போது வாரம் ஒருமுறை நீண்ட இறக்கம் ஒன்றில் நடந்து பழகியிருந்தால், அந்தத் தசைக்கு அடுத்த சில வாரங்களுக்குப் பாதுகாப்பு இருக்கும்.

மலைச்சாலையில் இருட்டில் நடக்கக் கூடாது. காட்டெருமை சாலையோரத்தில் மேய்ந்து நிற்கும். கீழ்மலைப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. நன்றாக விடிந்த பிறகு புறப்பட்டு, பொழுது சாயும் முன் ஊர் சேருங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பாட்டை நிறுத்திவிட்டு, வண்டிச் சத்தம் கேட்டு நடங்கள். சாரல் பெய்யும் காலம் என்பதால் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று பையின் மேலேயே இருக்கட்டும். சாப்பாட்டுக்கு இந்த மூன்று நாளுக்கும் நம் மலைவாழைப்பழமே போதும். கனிந்ததும் காயுமாகச் சீப்பில் எடுத்துக்கொண்டால் வத்தலக்குண்டு வரை வரும்.

வெயில், தண்ணீர், உப்பு

வத்தலக்குண்டு வந்ததும் நேரக் கணக்கு தலைகீழாகும். மலையில் விடிந்த பிறகு நடந்தவர்கள் கீழே விடிவதற்கு முன் நடக்க வேண்டும். காலை 4 மணிக்குப் புறப்பட்டு 9.30க்குள் அன்றைய தூரத்தில் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள். 10 முதல் 4 வரை நிழல், தூக்கம். மிச்சத்தை மாலையில் நடக்கலாம். வெயிலுக்கு உடம்பு பழக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால்தான் வத்தலக்குண்டிலிருந்து செம்பட்டி, செம்பட்டியிலிருந்து திண்டுக்கல் என்று முதல் இரண்டு நாளும் குறைந்த தூரமாக வைத்து, திண்டுக்கல்லில் ஓய்வும் விட்டிருக்கிறோம். மலைக்காரர்கள் இந்த மூன்று நாளில் அவசரப்பட்டால் மணப்பாறைக்கு அப்பால் விலை கொடுக்க நேரும்.

வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. வியர்வையில் உப்பு போய்விடுகிறது. தண்ணீர் மட்டும் ஏறினால் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வரும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆளுக்குப் பத்து வைத்துக்கொள்ளுங்கள். தீர்ந்துபோனால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்தால் அதே பலன். உப்புப் போட்ட மோர், பழைய சோற்று நீராகாரம், கம்பங்கூழ் எல்லாமே நல்லவை. மணப்பாறையில் முறுக்கு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். உப்பும் மாவும் சேர்ந்த, எளிதில் கெடாத வழித்துணை அது. சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். யாராவது வெயிலில் உளற ஆரம்பித்தால், உடம்பு கொதித்தால், நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறி, உடனே 108ஐ அழையுங்கள். செபம் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். செபம் சொல்லிவிட்டுச் செய்யலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

வழியில் மோரும் தண்ணீரும் கொடுக்கிறவர்கள் எல்லா மதத்தாரும்தான். வாசலில் குடத்தோடு நிற்கும் அம்மாவிடம் பெயர் கேட்டு, அவர்கள் வீட்டுக்காக ஒரு பத்து மணி சொல்லிவிட்டுப் போங்கள். வாங்கிய டம்ளரை அங்கேயே வீசாமல் திருப்பிக் கொடுங்கள். அடுத்த ஆண்டு வருகிறவர்களுக்கும் அந்த வாசல் திறந்திருக்க வேண்டும்.

சாலையில்

விடியலுக்கு முன் நடப்பதால் வண்டிக்காரர் கண்ணுக்குத் தெரிவதுதான் முதல் பாதுகாப்பு. நம் காவி உடை இருட்டில் தெரியாது. மின்னும் பட்டையை முதுகுப் பையிலும் கணுக்காலிலும் ஒட்டுங்கள். குழுவின் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. மாதா சப்பரம் இழுத்துப் போனால் அதன் பின்பக்கத்துக்குத் தனியாகச் சிவப்பு விளக்கு வேண்டும். எதிரே வரும் வண்டி தெரியும்படி வலது ஓரமாக ஒற்றை வரிசையில் நடங்கள். ஒலிபெருக்கி, இயர்போன் இரண்டும் இருட்டு நேரத்தில் வேண்டாம். சாலையின் வெள்ளைக்கோட்டுக்கு உள்ளே யாரும் உட்காரவோ படுக்கவோ கூடாது. களைப்பில் ஒரு நிமிடம் என்று சாய்ந்தவர்கள் மேல் லாரி ஏறிய செய்தியை நாம் படிக்காத ஆண்டு இல்லை.

தார்ச் சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். நாள் முழுக்கச் சரிவில் நடந்தால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்து, அந்தப் பக்கத்து இடுப்பும் முழங்காலும் வலிக்கும். முதல் நடையில் ஒரு பக்கம் மட்டும் வலித்தவர்களுக்குக் காரணம் இதுவாக இருக்கலாம். சமமான மண் ஓரம் கிடைக்கும் இடத்திலெல்லாம் அதில் இறங்கி நடங்கள். திண்டுக்கல்-திருச்சி நான்கு வழிச்சாலையில் அணுகுசாலையும் ஊருக்குள் போகும் பழைய சாலையும் கிடைக்கும் இடத்தில் அவற்றையே பிடியுங்கள்.

திருச்சிக்கு அப்பால்

திருச்சியில் ஓய்வு நாள். மேலப்புதூர் மரியன்னை பேராலயத்திலோ பாலக்கரை சகாய மாதா கோயிலிலோ பூசை காணலாம். முன்கூட்டியே பங்கு அலுவலகத்தில் கேட்டு, தங்கும் இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லாத் தங்கலுக்கும் இதுவே விதி: ஜூலை மாதத்திலேயே உங்கள் பங்குத்தந்தையின் கடிதத்தோடு வழியிலுள்ள பங்குகளுக்கு எழுதுங்கள், எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், எந்தத் தேதி என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

இரண்டாம் முறை நடக்கிறவர்கள் இங்கே ஒரு மாற்றத்தை யோசிக்கலாம். நெடுஞ்சாலையை விட்டு, கல்லணை, திருக்காட்டுப்பள்ளி வழியாகப் பூண்டி மாதா கோயிலுக்குப் போய், அங்கிருந்து தஞ்சாவூர் சேரலாம். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரோடு தொடங்கியதாகச் சொல்லப்படும் இந்தத் திருத்தலம் 1999இல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. காவிரிக் கரைச் சாலையில் தென்னையும் வாழையும் நிழல் தரும், லாரி குறைவு. தூரம் ஒரு நாள் கூடும். இந்த வழியில் போவதானால் மலையிலிருந்து ஆகஸ்ட் 19 அன்றே புறப்பட்டுவிடுங்கள்.

தஞ்சாவூருக்குக் கிழக்கே வாய்க்கால் நாடு. மேட்டூர் தண்ணீர் வந்திருந்தால் சாலையோர வாய்க்கால் நிறைந்து ஓடும். கால் நனைக்கலாம், குடிக்கக் கூடாது. நனைத்த காலைத் துடைத்து உலர்த்தாமல் ஷூவுக்குள் நுழைத்தால் ஊறிய தோல் ஒரு மணி நேரத்தில் கொப்புளமாகும். குறுவை அறுத்த நெல்லைச் சாலையிலேயே காயப்போட்டிருப்பார்கள். மிதிக்காமல் சுற்றிப் போங்கள், அது ஒருவருடைய ஆண்டு உழைப்பு. திருவாரூருக்குப் பிறகு பல திசையிலிருந்தும் வரும் குழுக்கள் ஒரே சாலையில் சேரும். "மரியே வாழ்க" முழக்கம் முன்னும் பின்னும் கேட்கும். கூட்டத்தின் வேகம் தொற்றிக்கொள்ளும் இடம் இது. உங்கள் செபமாலைக் கணக்கை விடாதீர்கள்.

வேளாங்கண்ணியில்

வந்து சேர்ந்த அன்றே மணல் வழியில் முழந்தாள் நடை வேண்டாம். 350 கிலோமீட்டர் நடந்த முழங்காலுக்கு ஓர் இரவு ஓய்வு கொடுங்கள். மறுநாள் விடியற்காலை, மணல் சுடுவதற்கு முன், மோர் விற்ற சிறுவனுக்கு மாதா காட்சி தந்ததாக நாம் நம்பும் நடுத்திட்டுக் கோயில் பக்கம் போங்கள். பால் கொண்டுபோன சிறுவனின் நினைவாக நிற்கும் மாதா குளத்தையும் பாருங்கள். 1962இல் பேராலயமாக உயர்த்தப்பட்ட இந்தத் திருத்தலத்தில் விழா நாட்களில் பல மொழிகளில் பூசை நடக்கும். தமிழ்ப் பூசை நேரத்தை வந்ததும் குறித்துக்கொண்டு, கூட்டத்தில் பிரிந்தால் சந்திக்கும் இடத்தையும் அப்போதே பேசி முடிவு செய்யுங்கள்.

களைத்த காலோடு கடலில் ஆழமாக இறங்காதீர்கள். அலையின் இழுப்பை மலைக்காரர்கள் அறியமாட்டோம். தேர் பவனியில் குழந்தைகளின் சட்டைப்பையில் தொலைபேசி எண் எழுதிய சீட்டு இருக்கட்டும். திரும்பும் பஸ்ஸையோ ரயிலையோ முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். 8ஆம் தேதி இரவு எல்லோரும் ஒரே நேரத்தில் புறப்படுவார்கள்.

திரும்பிய முதல் வாரத்தில்

அடுத்த நடைக்கான தயாரிப்பு இந்த வாரத்தில் தொடங்குகிறது. மூன்று நாள் ஓய்வுக்குப் பிறகு தினமும் அரை மணி நேரம் மெதுவாக நடங்கள். ஒரேயடியாகப் படுத்தால் கால் இறுகும். ஆறாத புண், மரத்துப்போன விரல், குறையாத வீக்கம் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஷூவின் அடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுங்கள். எங்கே தங்கினோம், யார் இடம் கொடுத்தார்கள், எந்தத் தங்கலில் பெண்களுக்கு வசதி இல்லை, எவ்வளவு பணம் செலவானது என்பதையும் எழுதுங்கள். இடம் கொடுத்த ஒவ்வொரு பங்குக்கும் ஒரு நன்றிக் கடிதம் அனுப்புங்கள்.

அதன் பிறகு அந்த நோட்டை மூடி வைக்காமல், அடுத்த ஆண்டு முதல் முறையாக நடக்க நினைக்கிற ஒருவரிடம் கொடுங்கள். நம் பங்கில் அப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். வேண்டுதல் இருக்கும், ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பார். அவரை மே மாதக் கடைசி வாரத்தில் உங்களோடு 5 கிலோமீட்டர் நடக்கக் கூட்டிப் போங்கள். கீழே வெயில் எப்படி இருக்கும், காலை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லிக் கொடுங்கள். மாதாவுக்கு நாம் சொல்லும் நன்றியில் பாதி அதுதான்.